கணக்கு டீச்சர் சாகவில்லை

போன வாரம் பேக்கரியில் நடந்த கூத்தை ஊரே இன்னும் மறக்கவில்லை. பிறந்தநாள் கேக்கின் மேல் குழந்தையின் பெயர் மேடேறிப் பள்ளத்தில் இறங்கி, கடைசி எழுத்து ஓரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. குழந்தையின் தகப்பன் கடையே அதிரும்படி கத்தினான். அங்கே வருஷக்கணக்காகக் கேக்கில் கிரீமால் எழுதிவருகிற அம்மா கொஞ்சமும் அசரவில்லை. கிரீம் பிழிகிற குழாயின் முனை சரியில்லை என்று ஒரே போடாகப் போட்டாள். முதலாளியும் நம்பிப் புது முனை வாங்கிக் கொடுத்தார்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிற மூத்த மகள் மட்டும் நம்பவில்லை. அன்றைக்கே அம்மாவைக் கடைக்கு இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். அம்மா எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, "என் கண்ணுக்கு என்னடி கேடு?" என்று எழுந்து போய்விட்டாள். மகளுக்கும் மனசு ஆறியது. முப்பது வயது தாண்டியும் வீட்டில் 'பாப்பா' என்றே பெயர் வாங்கியிருக்கும் அந்தப் பெண், வாழ்க்கையில் ஏமாந்த இடங்களில் அதுதான் பெரிய இடம்.

இன்று காலை கலங்கரை விளக்குப் படத்தின் மூன்றாம் பாகத்துக்கு டிரைலர் வந்தது. வெள்ளிக்கிழமை படம்.

அம்மாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் கிழிக்கிறவரிலிருந்து பாப்கார்ன் பொரிக்கிறவர் வரை தியேட்டரில் எல்லோருக்கும் அவள் 'முதல் ஷோ அக்கா'. வரப்போகிற படங்களை விரல்களில் குடிவைத்திருப்பாள். சுண்டுவிரலில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிற இரண்டு திருடர்கள். மோதிர விரலில் பெண்கள் கால்பந்துப் படம். நடுவிரலில் ஒரு பேய்ப்படம். "பேயைக் கடைசிவரைக்கும் காட்டவே மாட்டாங்களாம்டி" என்று இப்போதே நடுங்கிக் காட்டுவாள். ஆள்காட்டி விரலில், முதலாளியை விட்டு ஓடிப்போகிற கழுதையின் கார்ட்டூன். ஒரு படம் வெளியாகிவிட்டால் அந்த விரல் காலி; மறுநாளே வேறு படம் குடிவந்துவிடும். கட்டைவிரல் மட்டும் மூன்று வருஷமாகக் கலங்கரைப் படங்களுக்கு. அதன் மூன்றாம் பாகம்தான் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று தடவை தேதி சொல்லி மூன்று தடவையும் ஏமாற்றியிருக்கிறது.

அதிலே ஒரு வழக்கு வேறு. முதல் பாகத்தின் முடிவில் கணக்கு டீச்சர் ஒருத்தி பாறை உச்சியிலிருந்து கடலில் விழுவாள். செத்தாள் என்று உலகமே ஒப்புக்கொண்டது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"பாடியைக் காட்டினானா? காட்டலை இல்ல? காட்டாத வரைக்கும் சாகலை."

இதை வைத்துப் பேக்கரி முதலாளியோடு சண்டை. கப்பலில் சமையல்காரராக இருக்கிற அப்பாவோடு போனில் சண்டை. இரண்டாம் பாகத்தில் டீச்சர் தலையே காட்டவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். "மூணாவதுல வருவா, அன்னிக்கு உங்க எல்லார் மூஞ்சியையும் பார்க்கணும்" என்று அம்மா சவால் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே காலையில் தம்பி போனை மேஜைமேல் நிறுத்தி டிரைலரைப் போட்டபோது அம்மா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். தம்பி கூரியர் கம்பெனியில் பார்சல் பட்டுவாடா செய்கிறவன், அம்மாவின் சினிமாக் கூட்டாளி. பெரியவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு நின்றதால் சத்தத்தை மட்டும் கேட்டாள். அலை, இடி, ஒரு ஆளின் கத்தல், பின்னணி இசை. அப்புறம் சத்தமே இல்லாமல் கொஞ்ச நேரம்.

"பிரமாதம்! என்ன சவுண்டு! அந்த இடி இருக்கே, நெஞ்சுக்குள்ள இறங்குது" என்றாள் அம்மா.

"ஆமாம்மா, செம" என்றான் தம்பி. ஏனோ அவன் அம்மாவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னான்.

பெரியவள் டிரைலரைப் பஸ்ஸில்தான் பார்த்தாள். அலை வந்தது, இடி வந்தது. கடைசியில் சத்தம் மொத்தமாக அடங்கியது. அணைந்துகிடந்த விளக்கை ஒரு கை ஏற்றியது. வெளிச்சம் மெல்ல மேலேறி ஒரு முகத்தில் விழுந்தது. நரைத்த தலை, உடைந்த மூக்குக்கண்ணாடி. கணக்கு டீச்சர்!

பஸ் என்றும் பாராமல் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஐயோ, இனி வீட்டில் இருக்க முடியாதே, ஒரு மாதத்துக்கு 'நான் சொன்னேனா இல்லையா' பாட்டுத்தானே என்று நினைத்துக்கொண்டே இறங்கத் தயாரானவள், அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அம்மா ஒன்றுமே சொல்லவில்லையே.

மூன்று வருஷம் போராடிய வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஜெயித்த ஆள் இடியைப் பற்றிப் பேசிவிட்டு ரொட்டி சாப்பிட்டிருக்கிறாள்.

கடைக்குப் போனதும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் கழற்றினாள். அலமாரியில் அட்டை இன்னொன்று இருந்தது. உச்சியில் அதே பெரிய எழுத்து, அதற்குக் கீழே எல்லாம் வேறு. அதை மாட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நம்ம கண்ணாடி மேலயே மாட்டிக்கிற மாதிரி த்ரீடி கிளிப் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்கு வேணுமா?"

"அதெல்லாம் இத்தனை நாள் சொல்லாம என்னடி பண்ணின? இதோ வரேன்."

மத்தியான இடைவேளையில் அம்மா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தாள். முழங்கையில் ரோஜா நிறக் கிரீம் ஒட்டியிருந்தது. வாசல்படியைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறியதை மகள் இன்றைக்குத்தான் கவனித்தாள்.

"கிளிப்பு எங்க?"

"முதல்ல உட்காரு. பவர் பார்த்தாத்தான் கிளிப் பொருந்தும்" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னாள்.

அம்மாவுக்கு இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. பேருக்குத்தான் அது கண். வலது கண்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது, கேக்கில் எழுதியது, அத்தனை படங்களையும் பார்த்தது. மகள் இடது கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்துவிட்டு, "படி" என்றாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஈ. எஃப், பீ. டீ, ஓ, இசட். எல், பீ, ஈ, டி..."

ஒரு தடுமாற்றம் கிடையாது. வசனம் பேசுகிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு போனது. எத்தனை சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்கள் படிப்பதைக் காதால் கேட்டிருப்பாள்! ஒரு தடவை பார்த்த படத்தின் வசனத்தை முழுசாக ஒப்பிக்கிற வாய்க்கு இந்த அட்டை எம்மாத்திரம்?

மகள் நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெம்பு வரவில்லை. அம்மா கடைசி வரியை முடித்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு திரும்பினாள்.

"பாஸா?"

"அம்மா, காலையில அட்டையை மாத்திட்டேன்."

அம்மாவின் புன்னகை கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு போனது.

"மாத்தினா சொல்ல வேண்டாமா?" என்றாள் கோபமாக.

பெரியவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த மூடியை எடுத்து மேஜைமேல் போட்டாள். அது உருண்டு கீழே விழுந்தது.

"என் முகம் தெரியுதா?"

"தெரியுது."

"பொய் சொல்லாதே."

அம்மா ஏப்ரன் நுனியைச் சுருட்டினாள். "ஓரமெல்லாம் தெரியுதுடி. நடுவுல எல்லாம் கோணலாப் போய்... மூக்கு இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்லை. காது தெரியுது, தோடு தெரியுது."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

அம்மா ஏப்ரன் நுனியை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். போயிருக்கிறாள் என்று அர்த்தம்.

"யாரோட போன?"

"தம்பி பைக்குல கொண்டுபோய் விட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் சத்தியம் வாங்கினேன். உன்கிட்டயும் சொல்லக்கூடாது, அப்பாகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு."

வாசலில் வாடிக்கையாளர் வந்து நின்றார். அம்மா எழுந்தாள். "பேக்கரியில ரெண்டு கேக்கு பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியைக் காலால் தேடி இறங்கிப் போனாள். ஊர் முழுக்க எல்லோருக்கும் கண் பார்க்கிறவள் தன் அம்மா போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் வரை அவள் போட்ட கணக்கில் பவர் இரண்டு தடவை தப்பாகி, கண்ணாடிக் கடை முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் அன்று விளக்குப் போடுவதற்குள் சண்டை ஆரம்பமாகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தம்பிக்கு நேரம் கொடுக்கவில்லை.

"டேய், டாக்டர் என்னடா சொன்னார்?"

தம்பி அம்மாவைப் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை? என்னைப் பார்த்துச் சொல்லு."

"விழித்திரைக்கு நடுவுல சின்ன ஓட்டையாம். ஆபரேஷன் பண்ணினா மூடிடுமாம். உள்ள காத்து மாதிரி ஏதோ அடைப்பாங்களாம். அப்புறம் ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்கணும். தலையே தூக்கக்கூடாது. சில வாரத்துக்குப் பார்வை மங்கலாத்தான் இருக்குமாம்." தம்பி ஹெல்மெட் பட்டையை அவிழ்த்தான். "சீக்கிரம் பண்ணணும், தள்ளிப்போட்டா பிரயோஜனம் குறையும்னு சொன்னாரு."

"அப்ப ஏன்டா பண்ணலை?"

"அம்மா படம் பார்த்துட்டு வரேன்னு தேதி வாங்கிச்சு. படம் தள்ளிப்போச்சு. ஆபரேஷனையும் தள்ளிப்போட்டுச்சு. மறுபடியும் தேதி வாங்கிச்சு, மறுபடியும் படம் தள்ளிப்போச்சு. இந்த வெள்ளிக்கிழமை பார்த்துட்டு அடுத்த வாரம் கண்டிப்பா போயிடலாம்னுதான் நானும்..."

"நீயும்! நீயெல்லாம் ஒரு ஆளு!"

"நான் என்னக்கா பண்றது? ஒவ்வொரு தடவையும் 'இதோ வந்துடும்டா'ன்னு சொல்லும். நானும் நம்பினேன். படக்கம்பெனிக்காரன் சொல்றதை நம்பித்தானே எல்லாரும் இருக்கோம்?"

பெரியவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. எங்கேயோ உட்கார்ந்து தேதியை மாற்றுகிற படக்கம்பெனியைத் திட்டுவதா? அவன் பேச்சைக் கேட்டுக் கண்ணை அடகு வைத்தவளைத் திட்டுவதா? வாயை மூடிக்கொண்டிருந்த இந்தத் தடியனைத் திட்டுவதா? ஒப்பிப்பதற்கும் படிப்பதற்கும் வித்தியாசம் தெரியாத தன்னைத் திட்டிக்கொள்வதா? எல்லாமாகச் சேர்ந்து அம்மாமேல்தான் பாய்ந்தது.

"கண்ணு இருந்தாத்தானேம்மா படம்! கண்ணையே தொலைச்சுட்டு எந்தப் படத்தைப் பார்க்கப்போற? அஞ்சு விரலையும் மடக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பியா?"

"கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!"

"ரெண்டு நாள்தானேடி. வெள்ளிக்கிழமை பார்த்துட்டேன்னா..."

"என்னத்தைப் பார்ப்ப? இடியையா?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் தம்பியின் போன் கத்தியது. அவன் எடுத்துப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"என்னடா?"

"படம்... வெள்ளிக்கிழமை வரலையாம். கிராஃபிக்ஸ் வேலை பாக்கியாம். தேதி பின்னால சொல்வாங்களாம்."

நாலாவது தடவை! பெரியவள் பல்லைக் கடித்தாள். அம்மா இப்போது இடிந்துபோவாள், ஒரு பாட்டம் அழுவாள், படக்கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுப்பாள் என்று திரும்பினாள். இரண்டாம் பாகம் ஒரே ஒரு வாரம் தள்ளிப்போனதற்கு வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்தவள் ஆயிற்றே.

அம்மா அழவில்லை. விறைத்திருந்த தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. ஆறிப்போன டீயை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"போகட்டும். நல்லா எடுக்கட்டும். அவசரப்பட்டா படம் கெட்டுடும்" என்றாள்.

சொன்ன குரலில் நிம்மதி இருந்தது. ஒளிக்கத் தெரியாத நிம்மதி. பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகத்தில் வருமே, அதே நிம்மதி.

பெரியவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ படத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கலை" என்றாள் மெதுவாக. "படம் வரக்கூடாதுன்னு காத்துக்கிட்டிருக்க."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த இடத்தில் மேஜை விளிம்பு இருந்தது. தம்பி பாய்ந்து பிடிக்காவிட்டால் விழுந்திருக்கும்.

"பயமாயிருக்கு பாப்பா."

இருபது படத்தில் பேய் வந்தாலும் பாப்கார்னைக் கீழே வைக்காதவள் அவள். அந்த வாயிலிருந்து இந்த வார்த்தையைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை.

"ஒரு வாரம் தரையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணும். எழுந்து கட்டை அவிழ்த்ததும் ஒண்ணுமே தெரியலைன்னா? இப்ப ஓரமாவது தெரியுதுடி. உன் காதாவது தெரியுது. அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? படம் வரட்டும், படம் வரட்டும்னு சொல்லிக்கிட்டிருந்தா அந்த நாள் வராம இருந்துச்சு. படக்கம்பெனிக்காரனும் நல்ல மனுஷன், தள்ளிக்கிட்டே போனான்."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியவளுக்குக் கோபம் தீரவில்லை. கோபத்தோடு கூடவே அம்மாவை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாததால், கிரீம் ஒட்டிய அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கெஞ்சினால் அம்மா மசியமாட்டாள். மிரட்டினால் அதற்கும் மேலே போவாள். அம்மாவை எழுப்பி நடக்கவைக்கிற சாவி ஒன்றுதான் உண்டு.

"காலையில டிரைலர் கடைசியில சத்தம் நின்னுச்சே, அப்ப திரையில என்ன வந்துச்சு?"

அம்மா முழித்தாள். "என்ன... பேரு வந்திருக்கும்."

"பேரு இல்லை. நீ மூணு வருஷமாச் சொல்லிக்கிட்டிருந்தது ஒண்ணு சரியா, தப்பான்னு காட்டிட்டாங்க."

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. கட்டைவிரல் தானாக எழுந்தது.

"டீச்சரா?"

மகள் அம்மாவின் முழங்கையில் இருந்த கிரீமைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கணக்கு டீச்சரா? இருக்காளா? டேய், நீ சொல்லுடா, நீதான் பார்த்தியே!"

"அம்மா, அது வந்து..."

"வாயைத் திறந்த, தொலைச்சிடுவேன்" என்றாள் அக்கா. தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

"சொல்லுடி!"

"மாட்டேன். ஆபரேஷன் பண்ணிக்கோ, குப்புறப் படு, எழுந்து வந்து உன் கண்ணால நீயே பார்த்துக்கோ. படம்தான் இன்னும் வரலையே, உனக்கு நிறைய நேரம் இருக்கு."

"ராட்சசி! பெத்த தாய்கிட்ட இப்படியா?"

"ஆமா. உன் பொண்ணுதானே."

அம்மா அவளை முறைக்கப் பார்த்தாள். முறைப்பு மகளின் தோடுமேல் போய் விழுந்தது. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "போனைப் போடு" என்றாள்.

தம்பி ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எடுத்த நர்ஸ் பொறுமையானவள். விவரத்தைக் கேட்டுக்கொண்டு, "நாளைக்குக் காலையில ஒருத்தர் வரலைன்னு சொல்லியிருக்காங்க, அந்த இடத்துல வந்துடுங்க" என்றாள். மூவருக்கும் மூச்சு வந்தது.

"ஆனா ஒண்ணு சொல்லிடறேன்" என்று நர்ஸ் தொடர்ந்தாள். "நீங்க ரொம்பவே தள்ளிப்போட்டுட்டீங்க. வந்ததும் ஆபரேஷன்னு நினைக்காதீங்க. டாக்டர் முதல்ல பார்ப்பார். இனிமே பண்ணிப் பிரயோஜனம் இருக்கா இல்லையான்னு பார்த்துட்டுத்தான் சொல்வார்."

பெரியவள் எட்டி ஸ்பீக்கரை அணைத்தாள். அணைப்பதற்குள் எல்லாம் கேட்டுவிட்டது.

நாளைக்கு எடுத்துப்போகப் பையில் என்ன வைக்க வேண்டும் என்று தம்பி எதையோ தேடுவதுபோல் உள்ளே போனான்.

"முடியாதுன்னு சொல்லலையே" என்றாள் அம்மா. "காட்டாத வரைக்கும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தூக்கியிருந்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நாலு விரல்களாலும் மூடிக்கொண்டாள்.

"பாப்பா."

"ம்."

"நாளைக்கு டாக்டர் இனிமே ஒண்ணும் முடியாதுன்னு சொல்லிட்டார்னு வச்சுக்கோ. அப்பவாவது டீச்சர் இருக்காளா இல்லையான்னு எனக்குச் சொல்லிடுவியா?"

அம்மா பதிலுக்காக முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் மகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.